இசக்கியம்மாள் அந்தப் பாட்டில் அழவில்லை

இசக்கியம்மாள் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை அவருடைய மகள் ரேவதி தொலைபேசியில் சொன்னாள். "தாத்தா, அம்மா போயிட்டா. பிளேட்லெட் ஏறவே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு." மழைக்காலத்தில் தாராவியின் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு வீட்டிலாவது டெங்குக் காய்ச்சல் இருக்கும். இந்த மழைக்கு அது அவர் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

இரண்டாம் முறை, கருமாதி முடிந்த கையோடு, அந்தச் செய்தி ஒரு காணொளியாக வந்தது. கறுத்த திரையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. பின்னால் வயலின்கள். 'இஷிகா: தன் சாவைத் தானே பாடிவிட்டுப் போன குரல்' என்று எழுத்துகள் மெல்லத் தோன்றின. யார் இந்த இஷிகா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குரல் ஆரம்பித்துவிட்டது. அது இசக்கியம்மாளின் குரல். பாட்டை வெளியிட்ட கம்பெனி அவர் பெயரை இப்படி மாற்றியிருந்தது. பாட்டின் முடிவில் அவர் விம்முவது கேட்டது. அந்த விம்மலைக் கேட்டுத் தாங்கள் எப்படியெல்லாம் அழுதோம் என்று முகம் தெரியாத பலர் கீழே எழுதியிருந்தார்கள்.

அது விம்மல் இல்லை. அவரை அறிந்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் நம் தமிழ் மன்ற மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன். எனக்குச் சாதாரணமாகக் கோபம் வராது. வந்தாலும், அது நியாயமானதுதானா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதே வங்கியில் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கோபத்தையும் பல தடவை சரிபார்த்துவிட்டேன். அது ஆறுகிற வழியைக் காணோம்.

மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு இசக்கியம்மாளை நம் பொங்கல் விழா மேடையில் மட்டும்தான் தெரியும். அவருடைய தொழில் அந்தேரியின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கோரஸ் பாடுவது. அதோடு 'டிராக்' பாடுவது. புகழ்பெற்ற பாடகிக்கு நேரம் இல்லாதபோது பாட்டை முதலில் இவர் பாடிவைப்பார். அந்தப் பாடகி வந்து அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அதே நெளிவு சுளிவுகளோடு பாடிவிட்டுப் போவார். பிறகு இசக்கியம்மாளின் குரலை அழித்துவிடுவார்கள். இது உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"என்ன வருத்தம் சார்? நான் சாரம் மாதிரி. கட்டடம் எந்திரிச்சதும் சாரத்தைப் பிரிச்சுத்தான் ஆவணும். பிரிக்காம விட்டா கட்டடம் அசிங்கமாத் தெரியும்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பைக் கேட்டவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார், ஏதோ தொண்டையில் அடைத்துக்கொண்டதுபோல. பக்கத்தில் இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் சிரிப்பு வெளியே வரும். என் மனைவி இரண்டு முறை தண்ணீரோடு ஓடி வந்து ஏமாந்திருக்கிறாள்.

அவர் சொந்தமாகவும் பாட்டுக் கட்டுவார். ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாததால் சொல்லுக்கு நடுவில் வெட்டிவிடுகிறார்கள் என்று, ஒவ்வொரு பாட்டுக்கும் வரிக்கு வரி இந்தியில் பொருள் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். அப்படித்தான் பழக்கம். தாராவியிலிருந்து மாட்டுங்காவில் என் வீட்டுக்கு நடந்தே வருவார். காப்பி குடித்துவிட்டு, 'பேங்க் சார்' எழுதிய இந்தியைக் குறைசொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் மத்தியானம், ஒலிப்பதிவு முடிந்து ரயிலில் நேரே என் வீட்டுக்கு வந்தார். புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகி அன்று காலையில்தான் இறந்திருந்தார். அவருக்கான அஞ்சலிப் பாட்டில் கோரஸ் பாட இவரை அவசரமாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அந்தம்மாவை இன்னும் வீட்டை விட்டு எடுக்கல சார். எடுக்கறதுக்கு முன்னாடி பாட்டு வெளிய வந்துறணுமாம். இல்லன்னா அடுத்த கம்பெனிக்காரன் முந்திக்கிடுவானாம். நாங்க நாலு பொம்பளைக நின்னு அழுது பாடுதோம். மியூசிக் டைரக்டரு கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து சொல்லுதாரு, 'டோன் ரொம்ப டல்லா இருக்கு, எல்லாரும் கொஞ்சம் ஸ்மைல் பண்ணிப் பாடுங்க'ன்னு. எழவுப் பாட்டை இளிச்சுக்கிட்டே பாடிட்டு வாரேன்."

உதட்டை விரித்துப் பாடினால் குரல் துலங்கும் என்பது பாடகர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்று விளக்கினார். ஆனால் அன்று அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்திருந்தன. அங்கேயே உட்கார்ந்து முணுமுணுக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் பாட்டு முழுதாக வந்தது.

*எந்திரிச்சு நில்லு தாயி*
*இன்னொரு டேக்கு பாக்கி இருக்கு*
*ஐசுப் பொட்டிக்குள்ள படுத்தா*
*ஆல்பத்தை யாரு முடிக்கிறது*

*மாலை வந்து குவிஞ்சு கெடக்கு*
*மைக்கு எங்க வைக்கிறது*
*மூச்சு நின்னா என்ன தாயி*
*முந்தி எடுத்த மூச்சு இருக்கு*

நான் வழக்கம்போல் வரிக்கு வரி பொருள் எழுதினேன். நிலையில்லாத உடம்பு, நிலைத்து நிற்கும் கலை என்றெல்லாம் வரும்படி, நல்ல கனமான இந்தியில். அவர் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேங்க் சார், நான் நக்கலா எழுதினதுக்கு நீங்க விபூதி பூசி உக்கார வச்சிருக்கீங்க. கடைசிச் சரணத்தைப் படிச்சீங்களா இல்லியா?"

*செத்தவளைச் சிரிக்கச் சொன்ன*
*மியூசிக்கு மாமா கிட்ட வாரும்*
*பொட்டிக்குள்ள எடம் கெடக்கு*
*பேசாமப் படுத்துக் கோரஸ் பாடும்*

பாட்டு பூராவும் கம்பெனிக்காரர்கள் பிணத்தோடு பேசுகிறார்கள். கடைசியில் பிணம் பதில் பேசுகிறது. அவ்வளவுதான் பாட்டு. 'முந்தி எடுத்த மூச்சு' என்றால் என்ன என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் அதைப் பூர்வஜன்மம் என்று எழுதியிருந்தேன். பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து பாடகியின் மூச்சுச் சத்தத்தை மட்டும் எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டுவார்களாம். "சிரிப்பு எங்க வருதுன்னு தெரியாம என் பாட்டுக்கு அர்த்தம் எழுதாதீங்க சார்" என்றார். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

இந்தப் பாட்டை ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில், வேகமான உறுமித் தாளத்தில், ஒரே மூச்சில் பாடினார். கடைசிச் சரணம் முடிந்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையும் பாட்டிலேயே விட்டுவைத்தார். ஓர் இசைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனார். இது சிரிப்புப் பாட்டா சோகப் பாட்டா, எந்த வரிசையில் போடுவது, கேட்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்றார்களாம். வாங்கி வைத்துக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பாட்டுக்கு அவர்களிடம் இடம் இல்லை. அவர் போனதும் எவ்வளவு சீக்கிரம் இடம் கிடைத்துவிட்டது பாருங்கள்.

காணொளி வந்த மறுநாள் ரேவதி என் வீட்டுக்கு வந்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உட்காரவில்லை. கைப்பேசியில் அம்மா தனக்கு அனுப்பியிருந்த மூலப் பதிவை ஓடவிட்டாள். பிறகு கம்பெனியின் பதிவை ஓடவிட்டாள்.

"கேளுங்க தாத்தா. ஸ்பீடைக் குறைச்சு, உறுமியத் தூக்கிட்டு வயலினப் போட்டிருக்கானுங்க. லாஸ்ட் சரணம் இல்ல. ஆனா சிரிப்புல மொதல்ல மூச்சு உள்ள இழுப்பால்லா, அதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிட்டானுங்க. அது எங்கம்மா சிரிப்பு தாத்தா. அதைப் போயி அழுகைங்கானுங்க."

நான் மறுபடி மறுபடி கேட்டேன். என் காதுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு மனுஷியின் சிரிப்பை எடுத்து, அதன் முதல் துணுக்கை மெதுவாக்கி, விம்மலாக விற்றிருந்தார்கள்.

"இதுக்காக நான் வரல தாத்தா" என்றாள் அவள், குரல் இறங்கி. "குழாயடியில கேக்காங்க, நெசமாவே காய்ச்சல்தானாட்டி, இல்ல மருந்து கிருந்து குடிச்சாளான்னு. அப்பா வந்தா பேச்சை நிறுத்திடுதாங்க. அப்பா ஏதோ செஞ்சுட்டாருன்னு நெனைக்காங்க. அவரு வேலைக்கே போவல. சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்காரு."

அவள் அப்பா ஆறுமுகம் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். மனைவி செத்த பிறகும் அவரை ஒருமையில் பேசத் தெரியாத ஆள். "எங்க வீட்டம்மா பாடுவாக" என்றுதான் சொல்வார். அந்த மனிதரை, தன் சாவை முன்கூட்டிப் பாடிய துயரக் குயிலின் கொடுங்கணவனாக ஊர் பார்க்க ஆரம்பித்திருந்தது. யாரும் அவரை நேராகக் குற்றம் சொல்லவில்லை. பாட்டுக்குப் 'பொருள்' சொல்லிக் காணொளிகள் போட்டவர்கள் சொல்லாமல் சொன்னார்கள். ஐஸ் பெட்டி என்றால் இல்லற வாழ்வின் குளிர்ச்சியாம். 'எந்திரிச்சு நில்லு தாயி' என்பது அவர் மன அழுத்தத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட ஆறுதலாம். முந்தி எடுத்த மூச்சு பூர்வஜன்மமாம். நானே முன்பு எழுதிய அபத்தம். என்னைத் திருத்த அவர் இருந்தார். இவர்கள் அவர் இல்லாத சமயம் பார்த்துப் பொருள் சொல்கிறார்கள்.

நம் மன்றத்தில் நினைவுக் கூட்டம் என்று முடிவானதும், செலவைத் தாங்கள் ஏற்பதாகக் கம்பெனி சொன்னது. நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள். கம்பெனியிலிருந்து கார்த்திக் என்று ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். செம்பூரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. மரியாதையான பிள்ளைதான்.

"அங்கிள், மெமோரியல்ல நீங்க மீனிங் சொன்னா ரொம்ப டச்சிங்கா இருக்கும். நாங்களே எழுதிக் கொண்டு வந்துட்டோம். நீங்க படிச்சாப் போதும். அப்புறம் அவங்க டாட்டர் விளக்கேத்தும்போது பாட்டு ப்ளே பண்ணுவோம். கேமரா இருக்கும்."

"கடைசிச் சரணம் எங்கே?"

"அது ஃப்ளோவை பிரேக் பண்ணுது அங்கிள்."

"பாட்டையே அதுக்காகத்தான் கட்டினாங்க."

"அங்கிள், நான் ஆஃபீஸ்ல அதைக் கேட்டு நிஜமாவே அழுதேன். எங்க அம்மாவும் அழுதாங்க. அதெல்லாம் பொய்யா?"

அவர் போன பிறகு அந்தக் கேள்வியையும் சரிபார்க்க உட்கார்ந்தேன். வெளியே போய்விட்ட பாட்டு கேட்பவர்களுக்குச் சொந்தம், அவரவர்க்குத் தோன்றும் பொருள் அவரவர்க்கு என்று நானும் படித்திருக்கிறேன். ஒருவர் உண்மையாகவே அழுதிருக்கும்போது, இல்லை, நீ சிரித்திருக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? இதற்கு விடை கிடைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கேட்பவர் தமக்குத் தோன்றிய பொருளை எடுத்துக்கொண்டால் சரி. இங்கே பாட்டுக்காரி சொன்ன பதிலை வெட்டி எடுத்துவிட்டு, அழுவதற்குத் தோதாக மீதியைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணீர் உண்மைதான். அதை அவரிடமிருந்து ஏமாற்றி வாங்கியிருக்கிறார்கள்.

கூட்டத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். முன்வரிசைகளில் மாட்டுங்கா, செம்பூர்ப் பெரியவர்கள். பின்னால் இசக்கியம்மாளின் சந்துப் பெண்கள். கடைசி நாற்காலியில், மகள் கெஞ்சிக் கூட்டி வந்ததால், ஆறுமுகம். மேடையில் பெரிய திரையில் 'இஷிகா'. கம்பெனி கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நான் எழுதியதைப் படித்தேன். முதல் வரி, அதன் பொருள். இரண்டாம் வரி, அதன் பொருள். பேசுபவர் யார், கேட்பவர் யார். இந்தப் பாட்டில் எவரும் அழவில்லை என்பதற்கான காரணங்கள். கடைசிச் சரணத்தையும் படித்துப் பொருள் சொன்னேன்.

ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்தேன். வயதான ஒருவர் நல்ல மனதோடு ஏதோ குழப்பிக்கொள்கிறார் என்பதுபோல் இரக்கமாகப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு நண்பர், அவர் பெயர் வேண்டாம், எழுந்து கேட்டார்.

"போனவாளோட பாட்டில போய் ஹாஸ்யம் தேடறேளே சார், நன்னாவா இருக்கு?"

நகைச்சுவையை விளக்கினால் அது செத்துவிடும் என்பதை மேடையில் நின்றபடி கற்றுக்கொண்டேன்.

அப்போது விளக்கேற்ற அழைக்கப்பட்ட ரேவதி, விளக்குப் பக்கம் போகாமல் என்னிடம் வந்தாள். "நகருங்க தாத்தா" என்றாள். கைப்பேசியை ஒலிவாங்கியின் வாயில் வைத்தாள்.

உறுமி தடதடத்தது. இசக்கியம்மாள் பாடினார், அவருடைய வேகத்தில். மியூசிக் மாமாவைப் பெட்டிக்குள் படுக்கக் கூப்பிட்டார். பிறகு அந்த மூச்சு, தொண்டை அடைத்ததுபோல. பிறகு சிரித்தார். கூடம் நிறையச் சிரித்தார். பின்வரிசையில் மாடத்தி என்ற பெரியம்மா சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"அப்படிப் போடுட்டி இசக்கி!"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாடத்தி திரும்பி, கேமராப் பக்கத்தில் நின்ற கார்த்திக்கைப் பார்த்தார். "ஏ தம்பி, முழிக்காத. ஒன்னையும் சேத்துத்தான் கூப்பிடுதா. போ, போய்ப் படு!"

நினைவஞ்சலிக் கூட்டத்தில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கேள்வி கேட்ட நண்பரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கடைசி நாற்காலியில் ஆறுமுகம் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டம்மா இப்படித்தான், இப்படித்தான் சிரிப்பாக" என்று பக்கத்தில் இருந்தவரிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல முகம் கோணி அழ ஆரம்பித்தார். பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அழுதார்கள்.

கார்த்திக் அருகில் வந்து, குழம்பிப்போய் மாடத்தியிடம் கேட்டார். "இப்பதான் சிரிச்சீங்க, இப்ப அழறீங்க. என்ன ஆன்ட்டி இது?"

"எங்க எழவு வீட்டுல வையாம அழ மாட்டோம் தம்பி. செத்தவளுக்குத் தீம்பு செஞ்சவன் ஒருத்தன் வாசல்லயே நிப்பான். அவனை மொதல்ல வஞ்சுரணும். வஞ்சு முடிச்சாத்தான் அழுகை ஒழுங்கா வரும். நீங்க வசவை வெட்டிட்டு அழுகைய மட்டும் கேட்டா எப்பிடி?"

நான் தாளில் எழுதிக் கொண்டுபோன விளக்கத்தில் இது இல்லை. நல்ல வேளை, அவர்கள் வந்திருந்தார்கள்.

கடைசிச் சரணத்தைச் சேர்த்து வெளியிட மேலிடத்தில் பேசிப் பார்ப்பதாகக் கார்த்திக் சொன்னார். பேசியும் பார்த்தார் என்றே நம்புகிறேன். மக்கள் இந்த வடிவத்தோடு ஒன்றிவிட்டார்கள் என்று பதில் வந்ததாம். கூட்டத்தில் கேமரா பிடித்ததில் ஆறுமுகம் அழுததை மட்டும் எடுத்து, மெழுகுவர்த்தியோடு சேர்த்து, இன்னொரு காணொளி போட்டிருக்கிறார்கள். இன்று வரை அது இருக்கிறது. இன்று வரை யாரோ அந்த மூச்சைக் கேட்டு உருகுகிறார்கள். 'இஷிகாவின் இன்னும் வெளிவராத பாடல்கள்' என்று புதிதாக ஒன்று வரப்போகிறதாம். முந்தி எடுத்த மூச்சு அவர்களிடம் நிறைய இருக்கும்.

சந்தில் மட்டும் விஷயம் மாறியிருக்கிறது. குழாயடியில் யாரும் இப்போது காய்ச்சலைப் பற்றிக் கேட்பதில்லை என்று ரேவதி சொன்னாள். தண்ணீர் வரத் தாமதமானால், 'மியூசிக்கு மாமா கிட்ட வாரும்' என்று குழாயைப் பார்த்துப் பாடுகிறார்களாம். ஆறுமுகம் பட்டறைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்.

இசக்கியம்மாளிடமிருந்து எனக்கு என்று நான் வைத்துக்கொண்டிருப்பது எது என்று இதை எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். குரல் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் பாட்டறிவு எனக்குக் கொஞ்சம்தான். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கோபம். எழுபத்து நான்கு வயதில், யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவனுக்கு, இது அவர் விட்டுப் போன சொத்து. இதை நான் ஆற விடப்போவதில்லை. அவர் செத்த நாளிலிருந்து எனக்குக் கண்ணீர் வரவில்லை. அது ஏன் என்று என் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை பக்கங்களாக நான் செய்திருப்பது, என் அளவுக்கு, பலமான வசவு. வைது முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பேனாவை வைத்துவிட்டு இனி அழ வேண்டும்.